யார் சாண்?

(ஒடுகத்தூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். விடிகாலையில் பால் சங்கத்து வரிசை. பாலைவிட ஊர்ச் செய்தி அதிகம் வந்து சேரும் இடம்.)

செல்வி: பெரியம்மா, உடம்பு சரியில்லையா?

முனியம்மாள்: ஏன்? நன்றாகத்தானே நிற்கிறேன்.

செல்வி: கொஞ்ச நாளாக உங்கள் வீட்டில் இருமல் சத்தமே இல்லை. சமையலையே விட்டுவிட்டீர்களோ என்று என் மாமியாருக்குக் கவலை.

முனியம்மாள்: (குரலைத் தாழ்த்தி) புகைபோக்கி வைத்த அடுப்பு போட்டுக்கொண்டேன். முன் வாயில் களிப் பானை, பின் வாயில் குழம்பு. வெளியே போகிற சூடு பின்னால் இருப்பதையும் வேகவைத்துவிட்டுத்தான் போகிறது. முள்ளுக் கத்திரிக்காய்க் குழம்பு தானாகக் கொதிக்கிறது. யாரிடமும் சொல்லாதே.

செல்வி: நான் ஏன் சொல்லப்போகிறேன்? எனக்கே பூக்காரம்மா சொல்லித்தான் தெரியும்.

முனியம்மாள்: தெரிந்துகொண்டா உடம்பை விசாரித்தாய்?

செல்வி: நேராகக் கேட்டால் மறைப்பீர்களே.

முனியம்மாள்: அவளிடமும் யாரிடமும் சொல்லாதே என்றுதானே சொன்னேன்!

செல்வி: அதனால்தான் ஒரே நாளில் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. அந்தக் காலத்தில் ஜீப்பில் வந்து மைக் வைத்துச் சொல்லியும் யாரும் கேட்கவில்லையாமே?

முனியம்மாள்: அது 1985 வாக்கில். நாடு முழுக்கப் புகையில்லா அடுப்புத் திட்டம் நடந்தது. என் மாமியாரும் ஒன்று போட்டுக்கொண்டார். எங்கள் களிப் பானையோ அதன் வாயில் உட்காரவே இல்லை. துடுப்பால் கிளறினால் பானை ஆடும். பிடித்துக்கொள்ள மாமனார் வர வேண்டும். அவர் எந்தச் சமையலுக்கு வந்தார்? கடைசியில் கோழி அதில் அடைகாத்தது. எங்கள் வீட்டில் புகையில்லாமல் வளர்ந்தவை அந்தக் குஞ்சுகள்தான்.

செல்வி: உங்களிடம் கேஸ் அடுப்பும் இருக்கிறதே?

முனியம்மாள்: 2016இல் கேஸ் இணைப்புத் தரும் உஜ்வலா திட்டம் வந்த பிறகு வாங்கியது. சம்பந்தி வந்தால் காப்பி போடுவேன். சிலிண்டர் விற்கிற விலையில் அதன்மேல் களிப் பானையை ஏற்ற மனம் வருமா?

செல்வி: பெரியம்மா, ஒன்று சொன்னால் கோபிக்கக் கூடாது. நானும் உங்கள் அடுப்பைப் போலவே போட்டுவிட்டேன்.

முனியம்மாள்: அடிப் பாவி!

செல்வி: புகை முழுவதும் வீட்டுக்குள்ளேதான். இப்போது உங்கள் பங்கையும் சேர்த்து மாமியார் இருமுகிறார்.

முனியம்மாள்: குழாய் ஓட்டுக்கு மேலே நிற்கிறதா?

செல்வி: தெருவே பார்க்கும்படி நிற்கிறது.

முனியம்மாள்: பின் வாயைத் திறந்து போட்டிருப்பாய்.

செல்வி: இல்லை, வெந்நீர்ப் பானை வைத்திருக்கிறேன்.

முனியம்மாள்: விறகு வைக்கும் வாய் எவ்வளவு அகலம்?

செல்வி: நீங்கள் பூக்காரம்மாவிடம் சொன்ன அளவுதான். ஒரு சாண்.

முனியம்மாள்: யார் சாண்?

செல்வி: கொத்தனார் சாண்.

முனியம்மாள்: அந்த முறம் போன்ற கையிலா அளந்தாய்! வாய் அகன்றால் வெளிக்காற்று கண்டபடி உள்ளே புகும். தீயும் ஆறும், குழாயும் ஆறும். சூடு இல்லாத குழாய் புகையை எப்படி இழுக்கும்? நான் சொன்னது என் சாண்.

செல்வி: பூக்காரம்மா தன் மகனை அளக்கச் சொன்னார். அவனுக்கு ஏழு வயது. அந்த வாயில் சுள்ளிகூட நுழையவில்லையாம், அகர்பத்திதான் வைக்கலாமாம்.

முனியம்மாள்: அந்த அடுப்புக்கும் என் பெயரைத்தான் சொல்கிறாளா?

செல்வி: "முனியம்மாள் அடுப்பு" என்றுதான் ஊரே சொல்கிறது. டீக்கடைக்காரர் வீட்டிலும் நாளைக்குப் போடுகிறார்கள். அவர் மாமனார் சாணாம்.

முனியம்மாள்: ஐயோ, மானம் போகிறதே! கேன் மூடியில் கட்டியிருக்கிற கயிற்றை அவிழ். இந்தா, என் கை. கட்டை விரலிலிருந்து சுண்டு விரல் வரை. இழுக்காதே, அளவு கூடிவிடும்!

செல்வி: வந்துவிட்டது. இந்த இடத்தில் முடிச்சுப் போட்டுக்கொள்கிறேன். பெரியம்மா, பின்னால் திரும்பிப் பாருங்கள்.

முனியம்மாள்: என்ன?

செல்வி: வரிசையில் எல்லாரும் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

முனியம்மாள்: ஒவ்வொருவராக வாருங்கள்! முதலில் யாராவது என் பாலை ஊற்றிவிட்டு வாருங்கள், எனக்குக் கை ஒழியாது!