ஒரு மார்க் கேள்விக்குள் ஒரு ஏர் மார்ஷல்

போட்டித் தேர்வு கைடுகளில் அடிக்கடி கண்ணில் படும் கேள்வி: "இந்திய விமானப்படையின் முதல் பெண் ஏர் மார்ஷல் யார்?" பத்மா பந்தோபாத்யாய் என்று டிக் அடித்தால் ஒரு மார்க். அதோடு அந்த அம்மாவின் கதை முடிந்தது. எனக்கு எரிச்சலே அங்கேதான்.

பந்தோபாத்யாய் கல்யாணத்துக்குப் பிறகு வந்த பெயர். 1944-ல் திருப்பதியில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர், டெல்லியில் வளர்ந்தார். அம்மாவுக்குக் காசநோய், படுத்த படுக்கை. விவரம் தெரியாத வயதிலேயே அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு இவர் தலையில் விழுந்தது. எதிர்வீட்டில் இருந்தவர் டாக்டர் பத்மாவதி, நாடறிந்த இதய நிபுணர். அவரைப் பார்த்துத்தான் டாக்டர் ஆசை வந்தது. ஆனால் டெல்லி தமிழ்க் கல்விக் கழகப் பள்ளியில் எடுத்திருந்ததோ ஆர்ட்ஸ்! பிறகு சயன்ஸுக்குத் தாவி, 1963-ல் புனே ராணுவ மருத்துவக் கல்லூரிக்குள் நுழைந்துவிட்டார். (இன்றைக்கு நம்ம ஊரில் ஒரு பிள்ளை ப்ளஸ் டூ முடித்துவிட்டு குரூப்பை மாற்றி டாக்டராகட்டும் பார்ப்போம்.)

1968-ல் விமானப்படை. 1971 போர் சமயத்தில் பஞ்சாபின் ஹல்வாரா தளம். அந்தப் பணிக்கு விசிஷ்ட சேவா பதக்கம். கணவரும் விமானப்படை அதிகாரிதான், அவருக்கும் அதே விழாவில் பதக்கம். முப்படை அதிகாரிகளுக்கு உயர்பயிற்சி தரும் குன்னூர் பக்கத்து வெலிங்டன் ஸ்டாஃப் காலேஜில் படிப்பை முடித்த முதல் பெண் அதிகாரியும் இவரே.

இதெல்லாம் பயோடேட்டா. அவர் எடுத்த துறையைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை: விமான மருத்துவம். போர் விமானம் சட்டென்று வளைந்து திரும்பும்போது விமானியின் உடம்பு பல மடங்கு கனக்கும். ரத்தம் காலுக்கு இறங்கும், முதலில் பார்வை மங்கும், பிறகு இருட்டும், அப்புறம் நினைவே போகும். உயரத்தில் ஆக்சிஜன் குறைந்தால் இன்னும் மோசம். மூச்சு முட்டினால்கூட ஆள் உஷாராகிவிடுவான், இதில் பலருக்கு ஒருவித குஷிதான் வரும். எல்லாம் சரியாக இருக்கிறது என்ற நினைப்பிலேயே தப்பு மேல் தப்பு செய்வான். அதனால்தான் காற்றழுத்தம் குறைத்த அறைக்குள் உட்காரவைத்து, பேப்பரும் பேனாவும் கொடுத்து எழுதச் சொல்வார்கள். கொஞ்ச நேரத்தில் கையெழுத்து கோணலாகும். எழுதுகிறவருக்கு அது தெரியவே தெரியாது.

விமானிகளின் உடல்தகுதியைப் பரிசோதிக்கும் டெல்லி மத்திய மருத்துவ நிலையத்துக்குத் தலைமை ஏற்ற முதல் பெண்ணும் பத்மாதான். பறக்கத் தகுதியில்லை என்று ஃபைலில் எழுதினால் எந்த சூரனும் தரையில்தான் நிற்க வேண்டும். 2004 அக்டோபரில் ஏர் மார்ஷல் ஆனார். ஒரு மாதம் முன்புதான் புனிதா அரோரா ராணுவத்தின் முதல் பெண் லெப்டினன்ட் ஜெனரல் ஆகியிருந்தார்.

இப்போது என் கேள்விக்கு வருகிறேன். ராணுவத்தில் பெண் அதிகாரிகளுக்கு நிரந்தரப் பணி கேட்ட வழக்கில் மத்திய அரசு சுப்ரீம் கோர்ட்டில் சொன்ன காரணங்களில் ஒன்று, கிராமப்புறத்திலிருந்து வரும் சிப்பாய்கள் பெண் அதிகாரியின் கட்டளையை ஏற்கும் மனப்பக்குவத்தில் இல்லை என்பது. கோர்ட் 2020 பிப்ரவரியில் அதைத் தூக்கிக் கடாசியது. அதாவது பத்மா ஏர் மார்ஷலாகிப் பதினைந்து வருஷம் கழித்தும் அரசு இதைத்தான் பேசிக்கொண்டிருந்தது. வெள்ளைக் கோட்டு போட்ட பெண் சொன்னால் கேட்கும் படை, வேறு பிரிவுப் பெண் சொன்னால் கேட்காதாமா?

புனிதா அரோரா, பத்மா, மாதுரி கானிட்கர், சாதனா நாயர், ஆர்த்தி சரின். லெப்டினன்ட் ஜெனரல், ஏர் மார்ஷல் போன்ற மூன்று நட்சத்திரப் பதவியைத் தொட்ட பெண்களில் இந்த ஐவருமே டாக்டர்கள், ஐவருமே அதே புனே கல்லூரி. ஆர்த்தி சரின் 2024-ல் முப்படை மருத்துவத்துக்கே தலைவரானார். சந்தோஷம். ஆனால் பீரங்கிப் படையில் பெண் அதிகாரிகளைச் சேர்த்ததே 2023-ல்தான். அவர்களில் ஒருவர் லெப்டினன்ட் ஜெனரலாக இன்னும் முப்பது வருஷமாவது ஆகும். அதுவரை கைடு போடுகிறவர்களுக்குக் கேள்விப் பஞ்சம் வராது.