அந்த டார்னியர் வேடிக்கை காட்டவில்லை

நாலு நாளாக எல்லாக் குழுவிலும் சுற்றுகிற அந்த வீடியோவைப் பற்றித்தான். நாகப்பட்டினம், காரைக்கால் பக்கம் அதைப் பார்க்காதவர் யாரும் இருக்க முடியாது. கடலில் ரோந்து போகும் சிறிய விமானமான டார்னியர் ஒன்று விசைப்படகைச் சுற்றி வருகிறது, அணியத்துக்கு (படகின் முன்முனைக்கு) முன்னால் தாழப் பறந்து இறக்கையை இப்படியும் அப்படியும் ஆட்டுகிறது, தென்கிழக்கே போய்விடுகிறது. "நம்ம ஆளுங்க கடல்ல கெடக்குறாங்க, இவனுங்க வேடிக்கை காட்டிட்டுப் போறானுங்க" என்று ஒரு குரல். கீழே நூற்றுக்கணக்கில் சிரிப்புப் பொம்மைகள்.

கடலில் காணாமல் போயிருந்த நம் ஆட்கள் நாலு பேரும் உயிரோடு கரை சேர்ந்துவிட்டார்கள். அதனால்தான் இப்போது வாயைத் திறக்கிறேன்.

அது வேடிக்கை இல்லை. அந்தப் படகை விமானம் கூப்பிட்டது.

கடலில் விமானம் கப்பலுக்கோ படகுக்கோ காட்டும் சைகை உலகம் முழுக்க ஒன்றுதான். முதலில் படகை ஒரு முறையாவது சுற்றும். பிறகு அணியத்துக்குக் கொஞ்சம் முன்னால், குறுக்காக, தாழப் பறந்து இறக்கையை ஆட்டும். பிறகு எந்தத் திசையில் வர வேண்டுமோ அந்தத் திசையிலேயே நேராகப் போகும். "என் பின்னால் வா, அங்கே ஒருவர் ஆபத்தில் இருக்கிறார்" என்று அதற்குப் பொருள். உதவி இனி தேவையில்லை என்றால் படகுக்குப் பின்னால், சுக்கான் பக்கமாகக் குறுக்கே பறந்து இறக்கையை ஆட்டும். முன்னால் ஆட்டினால் வா, பின்னால் ஆட்டினால் போகலாம். இதைப் படகில் இருந்தவர்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அவர்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. அதை வெட்டி, தலைப்புப் போட்டுப் பரப்பியவர்கள் மேல்தான்.

"வயர்லெஸ்ஸில் கூப்பிட வேண்டியதுதானே?" என்று கேட்பீர்கள். கூப்பிட்டிருப்பார்கள். அவசரத்துக்கு உள்ளது விஎச்எஃப் 16ஆம் சேனல். பாடு (மீன் வரத்து) எப்படி, வலை எங்கே என்று பேச வேறு சேனலுக்கு மாற்றிய செட் பல படகில் அப்படியே கிடக்கும். ஃபைபர் படகு பலவற்றில் செட்டே கிடையாது. வேறு வழியில்லாமல்தான் இறக்கையை ஆட்டுகிறார்கள்.

இன்னொன்றும் சொன்னார்கள்: "ஒவ்வொரு படகா சுத்திட்டுத் திரியுறாங்க." ஆமாம், அதுதான் வேலை. ரேடாரில் தெரிவது புள்ளிதான், ஊர்ப் பெயர் எழுதியிருக்காது. நாகைக்கு நேரே இரவில் தொழில் நடக்கும்போது எத்தனை புள்ளி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். காணாமல் போனது எது என்று அறிய ஒவ்வொன்றாக இறங்கிப் பார்க்க வேண்டும். இதில் ஃபைபர் படகு ரேடாருக்குப் பாதி கண்ணாடி மாதிரி. அலைக்கற்றை பெரும்பாலும் ஊடுருவிப் போய்விடும், இன்ஜின் இரும்புதான் கொஞ்சம் திருப்பி அனுப்பும். வாடைக்காலத்தில் வெள்ளை நுரை எழும்பினால் அதுவும் அலையோடு கலந்துவிடும். அப்புறம் கண்தான். நீரில் மிதக்கும் ஒரு தலை, சில நூறு மீட்டருக்குள் வந்தால்தான் மேலிருந்து தெரியும். ஜன்னலோரம் உட்கார்ந்து பார்ப்பவருக்கு அரை மணி நேரத்தில் கண் பூத்துவிடும், ஆள் மாற வேண்டும். ஐநூறு அடி உயரத்தில் வெப்பக் காற்று தூக்கிப் போடும், வாந்தி வரும். பார்வையை எடுத்தால் போச்சு. கண்ட ஆளை மறுபடி தொலைக்காமல் இருக்கத்தான் புகைக் குப்பியைப் போட்டுவிட்டு மேலேயே வட்டமடிப்பார்கள். அந்த வட்டத்தைத்தான் கரையிலிருந்து பார்த்து வேடிக்கை என்கிறோம்.

ஒரு சின்னக் கணக்கு. மோட்டார் நின்ற படகு நீவாட்டோடு (நீரோட்டத்தோடு) மணிக்கு 1 கடல் மைல் போகிறது, எந்தப் பக்கம் என்று தெரியாது என்று வையுங்கள். 12 மணி நேரத்தில் தேட வேண்டியது 12 கடல் மைல் ஆரமுள்ள வட்டம், அதாவது சுமார் 450 சதுர கடல் மைல். 24 மணி நேரம் கழித்துச் சொன்னால் 1,800. நேரம் இரண்டு மடங்கானால் இடம் நாலு மடங்காகிறது. 1,800 சதுர கடல் மைல் என்றால் 6,000 சதுர கிலோமீட்டருக்கு மேல். மயிலாடுதுறை பிரிவதற்கு முன்னிருந்த நாகை மாவட்டம் இரண்டு அதற்குள் அடங்கும். ஒரு கடல் மைல் இடைவெளியில் கோடு போட்டு மணிக்கு 180 கடல் மைல் வேகத்தில் பறந்தால் முதல் கணக்குக்கு இரண்டரை மணி நேரம், இரண்டாவதுக்குப் பத்து மணி நேரம். போகவர எரிபொருள் தனி. "நாளைக்கு வந்துடுவாங்க" என்று காத்திருப்பதும், டோக்கன் (கடலுக்குப் போகும் அனுமதிச் சீட்டு) இல்லாமல் போனதைக் கேட்பார்களோ என்று பயப்படுவதும் இந்த வட்டத்தைத்தான் பெரிதாக்குகின்றன. 1554 கடலோரக் காவல்படையின் எண். முதலில் அதை அழுத்துங்கள், கேள்வி கேட்டால் பதிலை அப்புறம் சொல்லிக்கொள்ளலாம்.

"அரக்கோணத்தில் கடற்படையின் பி-8ஐ விமானம் நிற்கிறதே, நீர்மூழ்கியையே கண்டுபிடிக்குமே" என்பவர்களுக்கு: கண்டுபிடிக்கும். 2013இலிருந்து அதைச் செய்கிறது. நீர்மூழ்கி ஆயிரக்கணக்கான டன் இரும்பு. அதன் சத்தத்தைக் கேட்க மிதவைகளைப் போடலாம், வாலில் உள்ள கருவி காந்தப்புல மாற்றத்தை உணரும். சத்தமில்லாமல் மிதக்கும் இருபது சொச்சம் அடி ஃபைபரிடம் இந்த இரண்டும் செல்லாது.

2022 அக்டோபரில் நம் படகின் மீது இந்தியக் கடற்படைக் கப்பலிலிருந்து சுட்டதை எடுத்துக்கொண்டு வருவார்கள் என்று தெரியும். அந்தக் கோபம் நியாயம். அதற்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். ஆனால் அதற்கான கணக்கை ஜன்னலோரம் உட்கார்ந்து நம் ஆளைத் தேடுகிறவரிடம் ஏன் தீர்க்கிறீர்கள்?

2015 ஜூன் 8 இரவு. கடலோரக் காவல்படை டார்னியர் ஒன்று ரோந்திலிருந்து சென்னைக்குத் திரும்பும்போது நம் காரைக்காலுக்கு அப்பால் தொடர்பை இழந்தது. உள்ளே மூன்று பேர். கப்பல்களும் விமானங்களும் தேடின. கடற்படையின் சிந்துத்வஜ் நீர்மூழ்கிதான் கருப்புப் பெட்டியின் சமிக்ஞையைக் கேட்டது. பிச்சாவரத்துக்கு நேரே 950 மீட்டர் ஆழத்திலிருந்து அதை எடுக்க ஒரு மாதத்துக்கு மேலாயிற்று. மூவரில் ஒருவரும் திரும்பவில்லை. அடுத்த ஆண்டு 29 பேரோடு மறைந்த விமானப்படையின் ஏஎன்-32 போக்குவரத்து விமானத்தின் சிதைவுகள் 2024இல்தான் 3,400 மீட்டர் ஆழத்தில் அடையாளம் காணப்பட்டன. தங்கள் ஆட்களையே இந்தக் கடலில் இப்படித்தான் தேடினார்கள். நம்மைத் தேடும்போது மட்டும் வேண்டுமென்றே விட்டுவிட்டுப் போவார்கள் என்று எப்படி நம்ப முடிகிறது? எனக்கு அதுதான் வலிக்கிறது.

கடைசியாக ஒன்று. நீங்கள் பகிர்ந்தது 35 விநாடி. வெட்டாத வீடியோவைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். தென்கிழக்கே போன விமானம் திரும்பி வருகிறது. மறுபடி சுற்றி, அணியத்துக்கு முன்னால் இறக்கையை ஆட்டிவிட்டு அதே திசையில் போகிறது. படகு திரும்பவில்லை. மூன்றாவது முறையும் வருகிறது.