வெறும் நட்பு என்று ஒன்று கிடையாது

“வெறும் நண்பனுக்காக ஓடிவரும் காருக்கு முன்னால் யாராவது பாய்வார்களா?” என்று எங்கள் வாசகர் குழுவின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் பெரியவர் ஒருவர் கேட்டார், பாதிப் பேர் சிரித்தார்கள். யார் கேட்டார், ஏன் கேட்டார் என்பதை அங்கே இருந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நான் பதில் சொல்ல எழுந்தபோது நேரம் முடிந்துவிட்டது என்றார்கள். அங்கே சொல்ல விடாததை இங்கே எழுதுகிறேன். பாய்வார்கள். நண்பனுக்காகப் பாய்வார்கள்.

நாங்கள் பேசிக்கொண்டிருந்தது பெஞ்சமின் ஆலிரே சாயென்ஸ் எழுதி 2012இல் வெளிவந்த ‘அரிஸ்டாட்டில் அண்ட் டான்டே டிஸ்கவர் த சீக்ரெட்ஸ் ஆஃப் த யுனிவர்ஸ்’ என்ற நாவலைப் பற்றி. 1987 கோடையில், டெக்சாஸின் எல்லை நகரமான எல் பாசோவில், நீந்தத் தெரியாத 15 வயது ஆரிக்கு (அரிஸ்டாட்டில் என்பதன் சுருக்கம்) நீச்சல் கற்றுத்தர டான்டே என்ற பையன் முன்வருகிறான். அங்கே தொடங்கும் கதை 300க்கும் மேற்பட்ட பக்கங்கள் நடந்து, கடைசிச் சில பக்கங்களில்தான் தான் டான்டேயைக் காதலிப்பதை ஆரி தனக்கே ஒப்புக்கொள்வதில் முடிகிறது. அதற்கு முன்னால் வருவதெல்லாம் மாறுவேடம், உண்மையான கதை கடைசியில்தான் இருக்கிறது என்பது அந்தப் பெரியவருடைய வாதம். எனக்கு அந்த நாவலின் உயிரே அவர் மாறுவேடம் என்று தள்ளிய பக்கங்களில்தான் இருக்கிறது.

ஆரியின் வீட்டை நினைத்துப் பாருங்கள். வியட்நாம் போரிலிருந்து திரும்பிய அப்பா அதைப் பற்றி வாய் திறப்பதில்லை. சிறையில் இருக்கும் அண்ணனின் ஒரு புகைப்படம்கூட வீட்டில் இல்லை. அவன் பெயரை யாரும் உச்சரிப்பதில்லை. அப்படிப்பட்ட மௌனத்தில் வளர்ந்தவனுக்கு, கவிதையை உரக்கப் படிக்கிற, செருப்புப் போடப் பிடிக்காத, இறந்துபோன குருவிக்காக அழுகிற ஒரு நண்பன் கிடைக்கிறான். அந்த நண்பனின் வீட்டில் அப்பாவும் மகனும் முத்தமிட்டுக்கொள்வதைப் பார்த்து ஆரி திகைத்து நிற்கிறான். பேசத் தெரியாத ஒருவனுக்குப் பேசக் கற்றுக்கொடுத்தது அந்த நட்பு. பின்னால் வந்த காதல், நட்பு கற்றுக்கொடுத்த மொழியில்தான் பேசுகிறது. இதைக் கவனிக்காமல் முதல் பக்கத்திலிருந்தே காதலைத் தேடிக்கொண்டு போகிறவர் கதையில் பாதியைத் தவறவிடுகிறார்.

“ஆரியின் பெற்றோரே அவன் காதலித்ததால்தான் பாய்ந்தான் என்கிறார்களே” என்று ஒருவர் உள்பெட்டியில் கேட்டிருக்கிறார். ஆம், சொல்கிறார்கள். சாலையில் கிடந்த பறவையை எடுக்கப் போன டான்டேயை, ஓடிவந்த காருக்கு முன்னால் பாய்ந்து தள்ளிவிட்டு, தன் இரண்டு கால்களையும் ஒரு கையையும் முறித்துக்கொண்ட மகனிடம், டான்டேயை இழக்கும் எண்ணத்தையே உன்னால் தாங்க முடியவில்லை என்று அவர்கள் எடுத்துச் சொல்கிறார்கள். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒருவனை இழக்கத் தாங்காத மனம் காதலுக்கு மட்டும்தான் உண்டு என்று யார் முடிவு செய்தது?

“அந்நிய நாட்டுப் பையன்கள் கதை நமக்கு எதற்கு” என்றவர்களுக்குச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

என்னை உண்மையில் உறுத்தியது இன்னொரு கேள்வி. இரண்டு ஆண்களின் காதலை நட்பு என்று சொல்லி நீங்கள் மூடி மறைக்கிறீர்கள் என்று, நான் மதிக்கிற ஒரு தோழி எழுதியிருக்கிறார். அவருடைய கோபத்தின் நியாயம் எனக்குப் புரிகிறது. ஆணும் ஆணும் கொள்ளும் உறவைக் குற்றமாக்கிய டெக்சாஸ் சட்டத்தை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2003இல்தான் செல்லாது என்று அறிவித்தது. நம் நாட்டில் அதற்கு 2018 ஆனது. பாதிரியாராக இருந்து, பிறகு திருமணமும் செய்து, தன் ஐம்பதுகளில்தான் தன்னை வெளிப்படுத்திக்கொண்ட ஒருவர் எழுதிய நாவல் இது. அந்தக் காதலைச் சிறிதாக்க எனக்கு எந்த விருப்பமும் இல்லை. நான் சொல்ல வருவது வேறு. டான்டே இன்னொரு பையனை ஒரு சந்தில் முத்தமிடும்போது சிலர் வந்து அடிக்கிறார்கள். கூட இருந்த அந்தப் பையன் ஓடிவிடுகிறான். டான்டே மருத்துவமனையில் கிடக்கும்போது, அடித்தவர்களில் ஒருவனைத் தேடிப் போய் மூக்கை உடைப்பவன் ஆரி. ஓடிப்போனவனிடமும் முத்தம் இருந்தது. இல்லாமல் போனது எது என்பதைத்தான் நான் ஞாயிற்றுக்கிழமை கேட்க நினைத்தேன்.

இத்தனை கோபம் எதற்கு என்று கேட்கிறீர்கள். சொல்கிறேன்.

நான் ஒன்பதாம் வகுப்பு படித்தபோது எங்கள் பள்ளி நூலகத்தில் ஒருவருக்கு ஒரு நூல்தான் தருவார்கள். நானும் என் வகுப்புப் பையன் ஒருவனும், நான் எடுத்துப் படித்ததை அவன் எடுப்பது, அவன் எடுத்ததை நான் எடுப்பது என்று வைத்துக்கொண்டோம். சனிக்கிழமை சிறப்பு வகுப்பு முடிந்ததும் மிதிவண்டி நிறுத்தத்தில் நின்று அரைமணி நேரம் அந்த நூலைப் பற்றிச் சண்டை போடுவோம். அவ்வளவுதான் எங்கள் உறவு. ஒருநாள் நூலகப் பதிவேட்டில் பக்கம் பக்கமாக எங்கள் இருவர் பெயரும் அடுத்தடுத்து இருப்பதைப் பார்த்த ஆசிரியை, ஒவ்வொன்றின் கீழும் சிவப்பு மையால் கோடிட்டு, இரண்டு வீட்டாரையும் வரவழைத்தார். தலைமையாசிரியர் அறையில் என் அப்பா கைகட்டி நின்றுகொண்டு, “வெறும் ஃப்ரெண்ட்ஷிப்தான் சார், வேற ஒண்ணும் இல்ல” என்றார். என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னார் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் என் காதில் நிற்பது அந்த ‘வெறும்’தான். அதற்குப் பிறகு அவன் என்னிடம் பேசவில்லை. பத்தாம் வகுப்புக்கு வேறு பள்ளிக்குப் போய்விட்டான்.

அது காதலாக ஆகியிருக்குமா என்று என் கணவர்கூட ஒருமுறை கேட்டார். ஆகியிருக்கலாம், ஆகாமலும் இருந்திருக்கலாம். என்னிடமிருந்து பறிக்கப்பட்டது நடக்காத ஒரு காதல் அல்ல. நடந்துகொண்டிருந்த ஒரு நட்பு. அதற்காக நான் அழுதபோது, காதல் தோல்வி என்று சொல்லியிருந்தாலாவது வீட்டில் நாலு பேர் திட்டியாவது மதித்திருப்பார்கள். வெறும் நண்பனுக்காக யாராவது அழுவார்களா என்றுதான் கேட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை கேட்டதும் கிட்டத்தட்ட அதே வாக்கியம்தான், அதே சிரிப்புதான்.

பெரியவரிடம் எனக்குத் தனிப்பட்ட விரோதம் எதுவும் இல்லை. அவர் வாசித்த அளவுக்கு நான் வாசித்தவள் இல்லை. ஆனால் சிகாகோவுக்குப் போன டான்டே கடிதம் கடிதமாக எழுதுவதும், பதில் எழுதவே வராத ஆரி அவற்றைத் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருப்பதும், கட்டுப்போட்ட கால்களோடு கிடப்பவனின் உடம்பைத் துடைத்துவிடும்போது டான்டேயின் கண்ணிலிருந்து நீர் வழிவதும் வருகிற பக்கங்களை அவர் ‘இழுவை’ என்றார். அடுத்த கூட்டத்துக்கு நான் வருவேன். அந்தப் பக்கங்களை மட்டும் உரக்கப் படிக்க எனக்குப் பத்து நிமிடம் ஒதுக்க வேண்டும் என்று ஒருங்கிணைப்பாளர்களிடம் இப்போதே கேட்டுவைக்கிறேன்.