'பாஸ் அவுட்' தப்பான இங்கிலீஷ் இல்லைங்க
பாஸ் அவுட்னா மயக்கம் போட்டு விழறது மட்டும்தான், காலேஜ் முடிச்சதுக்கு சொன்னா தப்புனு கட்டுரையில போட்டிருக்கீங்க, பாதி சரி. ராணுவம், போலீஸ்ல டிரெயினிங் முடிச்சு வெளிய வர்றதுக்கு பிரிட்டிஷ் இங்கிலீஷ்லயே பாஸ் அவுட்னுதான் சொல்வாங்க, நம்ம பரங்கிமலை ஆபிசர்ஸ் டிரெயினிங் அகாடமியில நடக்குறதும் பாஸிங் அவுட் பரேட்தானே. நாம அதை காலேஜுக்கும் சேர்த்து சொல்றோம், இந்தியா முழுக்க புரியும், அதனால பசங்கள இதுக்காக கிண்டல் பண்றது எனக்கு சுத்தமா பிடிக்காது. ஆனா அமெரிக்கா கம்பெனி இன்டர்வியூல 'ஐ பாஸ்ட் அவுட் இன் 2019'னு சொன்னா அவங்களுக்கு மயங்கி விழுந்த மாதிரிதான் கேக்கும், அங்க 'ஐ கிராஜுவேட்டட் இன் 2019'னு சொல்லிடுங்க, காலேஜ் பேரு சேர்த்தா நடுவுல ஃப்ரம் விட்டுடாதீங்க.

இன்னொரு அர்த்தம் விட்டுட்டீங்க, பேப்பர், நோட்டீஸ் எல்லாருக்கும் குடுக்குறதும் பாஸ் அவுட்தான். இதுல மட்டும் ரெண்டு வார்த்தைக்கும் நடுவுல குடுக்குற பொருளோட பேரு வரலாம், 'பாஸ் தி பேப்பர்ஸ் அவுட்'னு சொல்லலாம், தெம்னு போட்டா கண்டிப்பா நடுவுலதான், 'பாஸ் தெம் அவுட்'. மயக்கத்துக்கு அப்படி எதுவும் வராது. அப்புறம் பாஸ் அவேன்னா இறந்துபோறது, அதையும் இதோட குழப்பிக்கிறாங்க, கட்டுரையில ஒரு வரி சேருங்க ப்ளீஸ்.