டப்பிங்ல பாத்துக்கிடலாம்ணே

இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டாலே எனக்கு இப்போதெல்லாம் ஆத்திரம் உச்சிக்கு ஏறுகிறது. பாளையங்கோட்டையில் உட்கார்ந்து காலேஜ் பிள்ளைகளின் குறும்படங்களை எடிட் செய்து கொடுக்கிறேன். வருகிற ஹார்ட் டிஸ்க் எல்லாவற்றிலும் தாமிரபரணிக்கு மேலே பறக்கிற டிரோன் ஷாட் இருக்கிறது, வாடகை லென்ஸ் இருக்கிறது, கேமரா ஆடாமல் பிடிக்கிற கிம்பல் இருக்கிறது, வசனம் மட்டும் கேட்காது. வண்ணாரப்பேட்டை ரோட்டோரத்தில் பத்தடி தள்ளி கேமராவை நிறுத்தி, கேமராவோடு வந்த மைக்கையே நம்பி எடுத்திருக்கிறார்கள். அம்மா மகனிடம் அழுகிற காட்சி. எனக்குக் கேட்பது பஸ்ஸின் ஏர் ஹாரன்.

"ஏல, எடுக்கும்போது யாருமே ஹெட்போன் மாட்டலையா?" என்று கேட்டால் ஒருத்தன் முகத்தை ஒருத்தன் பார்க்கிறான். மானிட்டரை எட்டிப் பார்க்க அத்தனை பேர் நிற்கிறீர்களே, காது கொடுக்க ஒரு ஆள் கிடையாதா? மைக்குக்கும் வாய்க்கும் உள்ள தூரம் இரண்டு மடங்கானால் குரல் சுமார் 6 டெசிபல் இறங்கிவிடும், ஆனால் ரோட்டு இரைச்சல் இருந்த இடத்திலேயே இருக்கும். அப்புறம் நான் குரலை ஏற்றினால் இரைச்சலும் சேர்ந்துதான் ஏறும். சாஃப்ட்வேரில் சுத்தம் செய்யலாம், உண்மைதான், ஓரளவுக்கு. அதற்கு மேல் போனால் சொற்களே தேய்ந்து போகும்.

இதற்குப் பெரிய செலவும் இல்லை. இன்னொரு போனில் காலர் மைக்கைச் செருகி, ஏரோப்ளேன் மோடில் போட்டு, நடிக்கிறவரின் சட்டைப் பையில் வையுங்கள். ஷாட் தொடங்கும்போது கேமரா முன்னால் பளிச்சென்று ஒரு கைதட்டு. அந்தத் தட்டலை வைத்து படத்தையும் ஒலியையும் நான் சேர்த்துவிடுவேன். வீட்டுக்குள் எடுத்தால் ஃப்ரிட்ஜை அணைத்துவிட்டு பைக் சாவியை அதற்குள்ளேயே போட்டுவையுங்கள், கிளம்பும்போது ஃப்ரிட்ஜைத் திரும்பப் போட மறக்காது. பேச்சு முடிந்ததும் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு அந்த அறையின் வெறும் சத்தத்தை 30 விநாடி பதிவு செய்யுங்கள், வெட்டின இடங்களை மூட எனக்கு அதுதான் வேண்டும். இதை எத்தனை பேருக்குச் சொல்லிவிட்டேன், ஒருத்தராவது எடுத்து வரணுமே!

ஆனி, ஆடியில் வெளியே எடுப்பவர்களிடம் கூடுதலாகவே கோபம். செங்கோட்டைக் கணவாயிலும் ஆரல்வாய்மொழிக் கணவாயிலும் புகுந்து வந்து காற்றாலைகளைச் சுற்றவைக்கிற காற்று அது, உங்கள் மைக்கில் மாட்டின ஸ்பாஞ்சுக்கு அடங்குமா? முடி வைத்த உறை வேண்டும், அதோடு சுவரோ வண்டியோ மறைப்பு வேண்டும். காற்று மைக்கில் அறைந்து ஒலி உடைந்துவிட்டால் அதை யாராலும் ஒட்டவைக்க முடியாது.

அப்புறம் அந்த டப்பிங். அண்மையில் என்னிடம் எடிட்டுக்கு வந்த ஒரு படத்தில் கிராமத்து ஆச்சி ஒருத்தரை நடிக்க வைத்திருந்தார்கள். "சோறு திங்காம எங்கல போற, சொன்னேம்லா" என்று அவர் சொன்ன விதம் காற்றிரைச்சலுக்கு நடுவே அரைகுறையாகக் கேட்கிறது. அப்படி ஒரு ஏற்ற இறக்கத்தை எந்த நடிகையிடமும் வாங்க முடியாது. ஆச்சியை டப்பிங் அறையில் நிறுத்தி உதட்டுக்குச் சரியாகப் பேசச் சொன்னால் அவரால் எப்படி முடியும்? கடைசியில் கூடப் படிக்கிற பிள்ளை ஒருத்தி பேசினாள், எழுதி வைத்ததை வாசிக்கிற குரலில். திருநெல்வேலிப் பேச்சுக்காகவே எழுதின கதை அது! எனக்கு அன்றைக்கு வேலையே ஓடவில்லை.

பிள்ளைகளை மட்டும் குறை சொல்லவும் முடியவில்லை. கற்றுக்கொடுக்கிறவர்கள் ஃப்ரேமையும் லைட்டையும் பற்றி மணிக்கணக்காகப் பேசுகிறார்கள், இங்கே நான் போன போட்டிகளில் ஒளிப்பதிவுக்குப் பரிசு உண்டு, ஒலிக்குக் கிடையாது. பக்கத்துக் கேரளத்து ரசூல் பூக்குட்டி 2009-ல் ஆஸ்கர் வாங்கினது ஒலிக்காகத்தானே?

அடுத்த படத்துக்கு டிரோனை விடுங்கள். அந்தக் காசுக்குக் காலர் மைக், முடி உறை, காதை முழுக்க மூடுகிற ஹெட்போன் வாங்குங்கள். அதை மாட்டிக்கொண்டு கேட்பதற்கென்றே ஒருத்தனை நிறுத்துங்கள். அவன் "சத்தம் சரியில்ல, இன்னொரு டேக்" என்றால், டைரக்டர் யாராக இருந்தாலும் இன்னொரு டேக் எடுக்கணும்.