கிழிந்த ஜீன்ஸும் ஒரு வெண்பாவும்

போன ஞாயிறு மயிலாப்பூரில் ஒரு சின்னக் கவியரங்கம். நண்பர் ஒருவர் இந்தக் காலத்துக் கல்லூரி மாணவனைக் கிண்டல் செய்து ஒரு வெண்பா படித்தார்.

கிழிந்ததொரு கால்சட்டை கேட்டழுதான், தந்தை
விழிபிதுங்கக் காசெண்ணி விட்டார் - வழியெல்லாம்
செம்பட்டைக் கொண்டை சிலுப்பிவந்தான், தேர்விலோ
தம்பிக்குத் தந்தார் சுழி.

கைதட்டல் அடங்கவே நேரமானது. தளை தட்டாத நல்ல வெண்பா, மறுக்க மாட்டேன். ஆனால் எனக்குக் கை எழவில்லை.

எங்கள் வியாசர்பாடித் தெருவில் பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கிற பையன் ஒருவன் இருக்கிறான். தலையில் செம்பட்டைச் சாயம், முட்டி தெரியும் ஜீன்ஸ். வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் பேரம் பேசி வாங்கியது. காசும் அவனுடையது, சாயந்திரம் பார்சல் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்துச் சம்பாதித்தது. ஒரு அரியர் கூடக் கிடையாது. முடியின் நிறத்தைப் பார்த்து மார்க் ஷீட்டைச் சொல்லிவிட முடியுமா? எழுபதுகளில் என் அப்பா பெல்பாட்டம் போட்டுக்கொண்டு கல்லூரிக்குப் போனபோதும் தெருவே சிரித்ததாம்.

கிண்டலே கூடாது என்று சொல்லவில்லை. வசைபாடக் காளமேகம் என்று பெயர் வாங்கியவர் பிறந்த மொழி இது. நாகப்பட்டினத்துக் காத்தான் சத்திரத்தில் சோறு வரத் தாமதமானதற்கு அவர் பாடியதாகச் சொல்வார்களே, அந்தப் பாட்டை நினைத்துப் பாருங்கள். வசை முழுக்கச் சத்திரத்துக்கு. பசியோடு உட்கார்ந்திருந்தவர்களை அவர் தொடவில்லை.

சரி, ஃபேஷனைப் பாடுகிறவர் யாரைப் பாட வேண்டும்? புது ஜீன்ஸைப் பழசாகக் காட்ட, காற்றழுத்தத்தில் மணலைப் பீய்ச்சி அதன்மேல் அடிப்பார்கள். அந்தத் தூசியைச் சுவாசித்த இளம் தொழிலாளர்கள் துருக்கியில் சிலிகோசிஸ் வந்து நுரையீரல் கெட்டுச் செத்தார்கள். 2009-ல் அந்த நாடு அந்த முறையையே தடை செய்தது. அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். திருப்பூர்ச் சாயக்கழிவு நொய்யலில் கலந்து, பாசனத்துக்குக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையே சாயத் தண்ணீர்க் குட்டையாகிப் போனது. 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது நம் பாரிமுனைப் பக்கத்து உயர் நீதிமன்றம்தான். இத்தனை இருக்க, நம் வெண்பாவுக்குப் பத்தொன்பது வயதுப் பையனின் முட்டிதான் கிடைத்ததா?

கூட்டம் முடிந்ததும் நண்பரிடம் இதையெல்லாம் சொன்னேன். முகம் கொஞ்சம் சுருங்கியது. அப்புறம் ஒரத்துப்பாளையம் எந்தப் பக்கம் என்று விசாரித்து, பையிலிருந்த தாளில் குறித்துக்கொண்டார்.