செவுளில் தொங்கிய மீனுக்கு எத்தனை லைக்?

தடைக்காலத்தில் மீன் பிடித்து ஒருவர் போட்ட அந்தப் படத்தை மறுபடி இங்கே போட மாட்டேன். நேற்றிலிருந்து எல்லோரும் பார்த்துவிட்டீர்கள். ஹிமாச்சலின் பாங் அணை, சினையில் வயிறு உப்பிய மஹசீர் மீன், செவுளுக்குள் நுழைந்த விரல்கள், கூலிங்கிளாஸ். கீழே “பிடித்தேன், விட்டுவிட்டேன்” என்று பெருமை வேறு. ஹிமாச்சலில் மழைக்காலத்தில் இரண்டு மாதம் மீன்பிடித் தடை என்பது அங்கே டீக்கடைப் பையனுக்கும் தெரியும்.

சரி, விட்டீர்கள். அது பிழைத்ததா?

பாங்கில் நான் பிடித்த முதல் மஹசீரையும் “விட்டேன்”. நண்பனின் போன் லாக்காகிவிட்டது. அவன் நம்பரைத் தட்டித் தட்டித் திறக்கும்வரை மீனைக் காய்ந்த கையோடு தூக்கிப் பிடித்திருந்தேன். தண்ணீரில் விட்டதும் மல்லாந்தது. வாலைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினேன். அரைமணி நேரம். படகுக்காரர் ஒன்றும் சொல்லாமல் மோட்டாரைக் கிளப்பினார். அன்றிலிருந்து தூண்டில் முள்ளின் எதிர்முள்ளை, அதாவது மீனை நழுவ விடாத அந்தச் சின்னக் கொக்கியை, குறடால் நசுக்கிவிட்டுத்தான் போடுகிறேன். படமெடுத்தாலும் மீன் தண்ணீருக்குள்தான் இருக்கும்.

அந்தப் படத்துக்கு நான் போட்ட கமெண்டுக்குப் பதிலாக, “வலை போடுகிறவர்களைப் போய்க் கேள்” என்கிறார்கள். அவர்களுக்கு அது சோறு. அந்த அணைக்கு நிலத்தைக் கொடுத்தவர்களும் அவர்களில் உண்டு. தடைக்காலத்தில் வலையைச் சுருட்டி வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். நமக்கோ ஞாயிற்றுக்கிழமை போரடிக்கிறது.

“அவ்வளவு அக்கறை என்றால் நீயும் தூண்டிலை விட்டுவிடேன்.” நியாயமான கேள்விதான். அடுத்தது.

“மதராஸி, உன் ஊர் ஆற்றைப் போய்க் காப்பாற்று.” ஐயா, என் ஊர் ஆற்றையும் தெரியும். மோயாற்றுத் திமில் மஹசீர் 2018இலேயே அழிந்துவரும் உயிரினங்களில் மிக அபாய நிலைப் பட்டியலுக்குப் போய்விட்டது. உங்கள் பொன் மஹசீரும் அழியும் நிலையில்தான் இருக்கிறது. மழைக்கு ஆறு பெருகும்போது மேலேறிப் போய் முட்டையிடுகிற மீன் அது. 1974இலிருந்து பாதி வழியை அணை மறித்துக்கொண்டு நிற்கிறது. மீதி வழியில் நாம் நிற்கிறோம், போனோடு. 1983இல் சரணாலயம், 2002இல் ராம்சார் என்ற சர்வதேச ஈரநில அங்கீகாரம் என்று போர்டு மட்டும் பளபளக்கிறது.

லைசென்ஸ் எடுத்து, தடைக்காலத்தில் தூண்டிலைத் தொடாமல் ஏழு வருஷம் இருந்தவன் இன்று ‘பொறாமைக்காரன்’. இருக்கட்டும். அந்தப் படத்துக்கு ஹார்ட் விட்டவர்களில் இரண்டு பேர் என் படகில் என் டிபன் பாக்ஸிலிருந்து புளியோதரை தின்றவர்கள். என் கமெண்டுக்கு ஒருத்தர் சிரிப்பு எமோஜி போட்டிருக்கிறார். அதுதான் நேற்று தூங்கவிடவில்லை.

காலையில் அந்தப் படகுக்காரர் அதே படத்தை வாட்ஸப்பில் அனுப்பி, “சாப், இவர் உங்கள் ஆளா?” என்று கேட்டிருக்கிறார். இன்னும் பதில் போடவில்லை.